பார்ப்பவன் ஆடை

ஒரு பொருளுக்குப் பெயர் தெரியாவிட்டால் அதைக் கண்டிக்கவும் முடிவதில்லை, ரசிக்கவும் முடிவதில்லை. விழித்துக்கொண்டு நிற்கத்தான் முடிகிறது. சில மாதங்களுக்கு முன் எனக்கு அந்தச் சங்கடம் நேர்ந்தது.

என் அண்ணன் மகள் கல்லூரியில் சரித்திரம் படிக்கிறாள். பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கிய அமெரிக்கப் படக்கதைப் புத்தகங்கள் சிலவற்றைக் கொண்டுவந்து என் மேஜைமேல் போட்டாள். ஒன்றைப் பிரித்துக் காட்டினாள். சிவந்த கூந்தல் காற்றில் பறக்க, கையில் நீண்ட வாளுடன் ஒரு வீராங்கனை நிற்கிறாள். எதிரே ஐந்தாறு முரடர்கள். அவர்களுக்குத் தலையில் இரும்புத் தொப்பி, மார்பில் கவசம், காலில் தடித்த தோல். அவளுக்கோ இரும்பு வளையங்களைக் கோத்த இரண்டு துண்டுகள். இரண்டையும் சேர்த்தால் ஒரு கைக்குட்டை தேறலாம். மற்றபடி வயிறு, தொடை, தோள், முதுகு எல்லாம் திறந்த வெளி.

"சித்தப்பா, எதிரிங்க எல்லாரும் அந்த ரெண்டு துண்டு மேலதான் குத்துவோம்னு எழுதிக் கொடுத்திருக்காங்களா?" என்று கேட்டாள்.

நான் சிரித்தேன். அவள் விடவில்லை. "இந்த மாதிரி டிரஸ்ஸுக்குத் தமிழ்ல என்ன பேரு? நீங்கதானே எழுத்தாளர்?"

"அரைகுறை ஆடை" என்றேன், யோசிக்காமல்.

"அது இவளைத் திட்டற பேரு. இவளா தைச்சுப் போட்டுக்கிட்டா?"

அவள் போய்விட்டாள். கேள்வி போகவில்லை. காகிதத்தில் இருக்கும் ஒரு பெண் தன் ஆடையைத் தானே தேர்ந்தெடுப்பதில்லை. அவளுக்கு எவனோ உடுத்திவிடுகிறான். அப்படியிருக்க, நம்முடைய வசவுச் சொற்கள் எல்லாம் உடுத்தியவளைத்தான் தேடிப் போகின்றன; உடுத்திவிட்டவனைத் தொடுவதில்லை. கதை எழுதுகிறவன் என்ற முறையில் நான் உடுத்திவிடுகிற கட்சியைச் சேர்ந்தவன். ஆகவே இந்தப் பெயர் விவகாரத்தில் எனக்கு ஒரு பொறுப்பு உண்டு என்று தோன்றியது.

ஆங்கிலத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. செயின்மெயில் பிகினி என்கிறார்கள். செயின்மெயில் என்றால் இரும்பு வளையங்களால் பின்னிய கவசம். பிகினி என்பது 1946ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி பாரிஸில் லூயி ரேயார் என்பவர் அறிமுகப்படுத்திய நீச்சல் உடைக்கு அவர் வைத்த பெயர். அதற்கு நான்கு நாள் முன்னால்தான் பசிபிக் கடலில் பிகினி என்ற தீவுக் கூட்டத்தில் அமெரிக்கர்கள் அணுகுண்டைச் சோதித்திருந்தார்கள். ஊரார் வாயில் அடிபட்ட அந்தப் பெயரை ரேயார் எடுத்துக்கொண்டார். ஆக, யுத்தத்துக்கான உடை ஒன்றும், குண்டு விழுந்த இடத்தின் பெயரைத் தாங்கிய குளியல் உடை ஒன்றும் சேர்ந்து இந்தப் பிரயோகம் பிறந்திருக்கிறது. வேடிக்கையான பெயர்தான். ஆனால் போதாத பெயர். எதனால் செய்தது, எந்த அளவு என்ற இரண்டைத்தான் அது சொல்கிறது. எதற்காக என்பதைச் சொல்லவில்லை. தோலால் செய்தால் என்ன, வெள்ளி ஜரிகையால் செய்து விண்வெளிக் கப்பலில் உட்கார வைத்தால் என்ன? பொருள் மாறுகிறதே தவிர, சங்கதி ஒன்றாகத்தான் இருக்கிறது.

1966இல் இங்கிலாந்தின் ஹாமர் கம்பெனி எடுத்த 'ஒன் மில்லியன் இயர்ஸ் பி.சி.' என்ற படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதி மனிதர்கள் ராட்சதப் பல்லிகளோடு மல்லாடுகிறார்கள். அந்தப் பல்லி வர்க்கம் சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது. அப்போது மனிதன் என்ற ஜீவனே இல்லை. அது போகட்டும். கதாநாயகியாக நடித்த ராகுவேல் வெல்ச் மான் தோலில் வெட்டிய பிகினியோடு நிற்கும் விளம்பரப் படம் உலகமெங்கும் சுவர்களில் ஏறியது. பேசுவதற்கு அவருக்கு அந்தப் படத்தில் அநேகமாக ஒன்றுமே கிடையாது. கதை மறந்து போயிற்று. பல்லிகளும் மறந்து போயின. அந்தத் தோல் துண்டு மட்டும் நினைவில் இருக்கிறது. அதை வெட்டியபோது மனத்தில் இருந்தது ஆதி மனுஷியின் குளிரா, சுவரொட்டியின் முன்னால் நிற்கப்போகிறவனா என்று கேட்டால், பதில் சொல்லச் சரித்திர ஞானம் தேவையில்லை.

அண்ணன் மகள் காட்டிய வீராங்கனையின் பெயர் ரெட் சோன்யா. இவளுடைய பூர்வோத்தரத்தைத் தேடிப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முதன்முதலில் இவளைப் படைத்தவர் ராபர்ட் ஈ. ஹோவர்ட். கோனான் என்ற முரட்டு வீரனைப் படைத்தவரும் இவர்தான். 1934 ஜனவரியில் 'தி மாஜிக் கார்பெட் மாகஸின்' என்ற பத்திரிகையில் 'தி ஷாடோ ஆப் தி வல்ச்சர்' என்ற கதை எழுதினார். 1529இல் துருக்கி சுல்தான் வியன்னா நகரை முற்றுகையிட்ட சரித்திரச் சம்பவம்தான் கதையின் களம். அதில் வருகிற சோன்யா தலையில் எஃகுத் தொப்பி அணிந்திருக்கிறாள். உடம்பில் துருக்கி வேலைப்பாடு கொண்ட வளையக் கவசச் சட்டை. அதைத் தொளதொளத்த கால்சட்டைக்குள் செருகியிருக்கிறாள். தொடைவரை உயர்ந்த தோல் பூட்ஸ். இடுப்பில் துப்பாக்கியும் வாளும். அவள் அழகி என்று ஹோவர்ட் சொல்லத்தான் செய்கிறார். ஆனாலும் கோட்டைச் சுவரில் சண்டைக்கு நிற்கிறவள் எப்படி உடுத்துவாளோ அப்படி உடுத்தியிருக்கிறாள்.

ஹோவர்ட் 1936இல் இறந்து போனார். 1973இல் ராய் தாமஸ் என்ற கதாசிரியரும் பாரி ஸ்மித் என்ற சித்திரக்காரரும் சோன்யாவின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, அவளை வியன்னாவிலிருந்து பெயர்த்துக் கோனானின் கற்பனை உலகத்தில் குடியேற்றினார்கள். அப்போதும் அவளுக்கு ஒரு கவசச் சட்டை மிஞ்சியிருந்தது; கால்சட்டைதான் குட்டையாகிவிட்டது. பிறகு எஸ்தபான் மரோட்டோ என்ற ஸ்பானியச் சித்திரக்காரர், யாரும் கேட்காமலே, தாமாக ஒரு படம் வரைந்து தாமஸுக்கு அனுப்பினார். அந்தப் படத்தில்தான் இரண்டு துண்டு இரும்பு ஆடை வந்தது. 1974இல் அது அச்சேறியது. அன்றிலிருந்து சோன்யா என்றால் அதுதான்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். கதையில் எந்தத் தேவையும் எழவில்லை. அவள் பாலைவனத்துக்குப் போகவில்லை, கடலில் குதிக்கவில்லை, கவசம் திருட்டுப் போகவில்லை. வெளியே இருந்து ஒரு படம் தபாலில் வந்தது. கதை அதை வாங்கி அவளுக்கு உடுத்திவிட்டது. கதைக்குள் பிறக்காமல், வெளியிலிருந்து கதைக்குள் வந்த ஆடை அது.

இனி, போர்க்கவசம் என்பது உண்மையில் எப்படி வேலை செய்தது என்று பார்க்கலாம். ஐரோப்பிய வளையக் கவசத்தில் பொதுவாக ஒவ்வொரு வளையமும் நான்கு வளையங்களோடு கோக்கப்பட்டு, முனைகள் ஆணியடித்து இறுக்கப்பட்டிருக்கும். ஒரு முழுச் சட்டை ஏறக்குறைய 10 கிலோ எடை இருக்கும். வாளின் வெட்டை அது தடுக்கும். அடியின் அதிர்ச்சியைத் தடுக்காது. தோல் கிழியாமலே எலும்பு முறிந்துவிடும். அதனால் பஞ்சு திணித்துத் தைத்த கனமான உள்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் அதன்மேல் கவசத்தை மாட்டுவார்கள். வெற்றுடம்பில் வளையக் கவசத்தை அணிந்தால் எதிரி வருவதற்கு முன்பே கவசம் காயப்படுத்திவிடும். படத்து வீராங்கனைகளுக்கு உலோகத் தகட்டைப் பெண்ணுடம்பின் வடிவத்திலேயே இரண்டு கிண்ணங்களாக அடித்துக் கொடுப்பதும் உண்டு. மெய்யான மார்புத் தகடு நடுவில் புடைத்து இருபுறமும் சரிந்திருக்கும். வாள்முனை வழுக்கி வெளியே போகட்டும் என்று. கிண்ண வடிவமோ வாள்முனையை வழுக்கவிட்டு நேராக நடு நெஞ்சுக்கே அழைத்துப் போகும்.

காலை மூடாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு மண்ணுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. 1361இல் ஸ்வீடனை அடுத்த காட்லாண்ட் தீவில், விஸ்பி நகரத்துக்கு வெளியே ஒரு போர் நடந்தது. கோடைக்காலம். செத்தவர்களை அப்படியே பெரிய குழிகளில் போட்டு மூடினார்கள். இருபதாம் நூற்றாண்டில் தோண்டிப் பார்த்தபோது எலும்புகளில் வெட்டுக் காயங்கள் ஏராளமாக இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை முழங்காலுக்குக் கீழே. கேடயம் மறைக்காத இடத்தைத்தான் வாள் தேடும். சண்டை என்பது அவ்வளவு எளிமையான காரியம்.

ஒரு பெண் உண்மையில் யுத்தத்துக்குப் போனபோது என்ன உடுத்தினாள்? ஜோன் ஆப் ஆர்க்கின் கதை நமக்குத் தெரியும். 1429இல் டூர்ஸ் நகரத்தில் அவளுக்கென்று அளவெடுத்து முழுக் கவசம் செய்தார்கள். 100 லிவர் பணம் ஆயிற்று. அதை அணிந்துகொண்டே ஆர்லியன்ஸில் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே ஓர் அம்பை வாங்கினாள். அதே ஆண்டு செப்டம்பர் 8ஆம் தேதி பாரிஸ் நகரத்து அகழிக்கு அருகே தொடையில் ஓர் அம்பு தைத்தது. உடம்பு முழுதும் இரும்பை மாட்டிக்கொண்டு போனவளுக்கே கழுத்திலும் தொடையிலும் எதிரி இடம் கண்டுபிடித்தான். பின்னால் அவளைப் பிடித்து, 1431இல் விசாரித்தபோது, அவள் ஆண் உடை உடுத்தியதே குற்றச்சாட்டுகளில் ஒன்றாயிற்று. சிறைக்குள் அவள் கால்சட்டையையும் மேல்சட்டையையும் நாடாக்களால் ஒன்றோடொன்று இறுக முடிந்து வைத்திருந்தாள். காவல் இருந்தவர்கள் ஆண்கள். அந்த முடிச்சுகளுக்கு அர்த்தம் இருந்தது. அவளுடைய உடை யாருக்காக என்ற கேள்விக்கு அவள் வைத்திருந்த பதில் அது. அந்தப் பதிலுக்காகவும் சேர்த்துத்தான் அவளை எரித்தார்கள்.

"கற்பனைக் கதையில் போய்க் கவச சாஸ்திரம் பார்க்கலாமா? பறக்கும் பாம்பை நம்புகிறவர் இந்த இரண்டு துண்டை நம்பக் கூடாதா?" என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பறக்கும் பாம்பை நான் தாராளமாக நம்புவேன். ஏனென்றால் அந்த உலகத்தில் பாம்பு எல்லாருக்கும் பறக்கிறது. அரசனையும் எரிக்கிறது, ஆட்டுக்காரனையும் எரிக்கிறது. அது அந்த உலகத்தின் விதி. இந்த ஆடையோ ஒருத்திக்கு மட்டும் விதி. அவளுக்குப் பக்கத்தில் நிற்கும் படைவீரன் கணுக்கால்வரை இரும்பு மாட்டியிருக்கிறான். அவனைக் குத்தும் அதே ஈட்டி அவளைக் குத்தாது என்று ஆசிரியருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. கற்பனை என்பது உலகத்தை மாற்றலாம்; ஒரே அறைக்குள் இரண்டு உலகத்தை வைத்தால் அது கற்பனை அல்ல, கணக்குப் பிழை.

இன்னொன்றையும் தெளிவுபடுத்திவிட வேண்டும். நான் உடம்பு தெரிவதைப் பற்றிப் புகார் செய்யவில்லை. அப்படிச் செய்தால் மாமல்லபுரத்துக் கல்லையும் சோழர் காலத்துச் செம்பையும் முதலில் போர்வை கொண்டு மூட வேண்டியிருக்கும். மாமல்லபுரத்துப் பெரிய பாறையில் ஆணும் பெண்ணும் மேலாடை இல்லாமல்தான் நிற்கிறார்கள். முனிவரும் அப்படி, தேவரும் அப்படி, தேவியரும் அப்படி. அங்கே ஒருத்தியை மட்டும் பிரித்து நிறுத்தவில்லை. அந்தக் கல் உலகத்துக்கு அதுதான் சகஜம். அவர்கள் கங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாமும் அவர்களோடு சேர்ந்து கங்கையைத்தான் பார்க்கிறோம். ஆகவே துணியின் அளவை முழம் போட்டுப் பார்த்து இந்த ஆடையைக் கண்டுபிடிக்க முடியாது.

துணியின் அளவில் சங்கதி இல்லை என்று அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கே தெரிந்திருந்தது. 1966 முதல் 1969 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஸ்டார் டிரெக்' என்ற தொடர் வந்தது. அதற்கு ஆடை வடிவமைத்தவர் வில்லியம் வேர் தைஸ். ஓர் உடையின் கவர்ச்சி எவ்வளவு தெரிகிறது என்பதில் இல்லை, எந்த நிமிஷமும் நழுவி விழுந்துவிடும்போல் தோன்றுவதில்தான் இருக்கிறது என்பது அவருடைய சித்தாந்தம். அவருடைய உடைகள் சிலவற்றில் துணி கெஜக் கணக்கில் இருக்கும். ஆனால் ஒரு தோளில் மட்டும், அதுவும் நம்பிக்கையில்லாமல், தொங்கிக்கொண்டிருக்கும். நழுவிவிடுமோ என்று கதைக்குள் யாரும் கவலைப்படுவதில்லை. கவலைப்படுகிறவன் வீட்டுக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.

ஆண்களுக்கும் இது உண்டே என்று கேட்பவர்கள் கோனானைக் காட்டுவார்கள். 1966இல் பிராங்க் பிரஸெட்டா வரைந்த புத்தக அட்டையில் கோனான் வெற்று மார்போடுதான் நிற்கிறான். ஆனால் அவன் காலைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் கிடக்கிறாள். அவளுக்கு அவனைவிடக் குறைந்த ஆடை. அவனுடைய வெற்று மார்பைப் பார்க்கிற இளைஞன் அந்த மார்பாகத் தான் இருக்க ஆசைப்படுகிறான். அவளைப் பார்க்கும்போது அவளாக இருக்க ஆசைப்படுவதில்லை. தவிர, ஹோவர்டின் எழுத்தில் கோனான் அவ்வளவு முட்டாளும் அல்ல. 1933இல் வந்த 'பிளாக் கொலாஸஸ்' கதையில் படைக்குத் தலைமை தாங்க நேரும்போது தலை முதல் கால்வரை தகட்டுக் கவசம் மாட்டிக்கொண்டுதான் புறப்படுகிறான். வேலை வந்தால் அவனுக்கு உடை மாறுகிறது. அவளுக்கு வேலை வந்தாலும் மாறுவதில்லை.

ஆண் சித்திரக்காரர்கள் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட்டாலும் கணக்குச் சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அப்படி முடியவில்லை. 1930களில் 'வியர்ட் டேல்ஸ்' என்ற பத்திரிகையின் அட்டைகளில் ஆடை குலைந்த அபலைகளை வண்ணச் சுண்ணக்கட்டியால் வரைந்து புகழ் பெற்றவர் மார்கரெட் பிரண்டேஜ் என்ற சிகாகோ பெண்மணி. எம். பிரண்டேஜ் என்று கையெழுத்திட்டதால் அவர் பெண் என்று வாசகர்களுக்கு முதலில் தெரியாது. 1934 அக்டோபர் இதழில் சி. எல். மூர் எழுதிய 'தி பிளாக் காட்ஸ் கிஸ்' வெளியாயிற்று. மூரும் பெண்தான், காதரின் என்பது அவர் பெயர். கதாநாயகி ஜிரெல் ஒரு கோட்டைக்குத் தலைவி. தோற்றுப்போன தளபதியாகக் கட்டி இழுத்து வருகிறார்கள். தலைக்கவசத்தைக் கழற்றிய பிறகுதான் அவள் பெண் என்பதே பகைவனுக்குத் தெரிகிறது. கதையின் முதல் அதிர்ச்சியே அந்தக் கவசத்தில் இருக்கிறது. அதே இதழின் அட்டையிலோ மெல்லிய ஆடை ஒன்று உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்க, ஒருத்தி கரிய சிலையைத் தழுவி நிற்கிறாள். எழுதியவர் பெண், வரைந்தவரும் பெண். எழுதியவர் அவளுக்குக் கவசம் கொடுத்தார். வரைந்தவர், பத்திரிகை விற்க வேண்டுமே என்று, அதைக் கழற்றினார். ஆகவே நான் 'பார்ப்பவன்' என்று சொல்வது ஓர் ஆசாமியை அல்ல, ஓர் ஆசனத்தை. அதில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். சம்பளம் வாங்கிக்கொண்டு அந்த ஆசனத்துக்காக யார் வேண்டுமானாலும் வேலை செய்யலாம்.

இதில் எழுத்தாளர்கள் யோக்கியர்கள் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பத்திரிகையில் அட்டைப் படம் தன் கதைக்குக் கிடைப்பது ஒரு கௌரவம். பிரண்டேஜ் எந்த மாதிரிக் காட்சியை வரைவார் என்று தெரிந்ததும், அப்படிப்பட்ட காட்சி ஒன்றைக் கதைக்குள் எங்காவது செருகிவிடும் பழக்கம் சில எழுத்தாளர்களுக்கு வந்ததாகச் சொல்வார்கள். முதலில் எழுத்தைப் பார்த்துப் படம் வந்தது. பிறகு படத்தைப் பார்த்து எழுத்து வந்தது. நான் பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவன். இந்தச் செய்தியைப் படித்தபோது என்னால் சிரிக்க முடியவில்லை.

இப்போது பெயருக்கு வருகிறேன். முதலில் 'பேருக்குக் கவசம்' என்று வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மான் தோலும் விண்வெளி ஜரிகையும் அதில் அடங்கவில்லை. 'காட்சி உடை' என்று பார்த்தேன். நாடகத்தில் ராஜா உடுத்துவதும் காட்சி உடைதான். அதில் தப்பு ஒன்றும் இல்லை. கடைசியில் 'பார்ப்பவன் ஆடை' என்று வைத்தேன். மணமகள் ஆடை, துறவி ஆடை என்று சொல்கிறோம். உடுத்துகிறவர் பெயரால் ஆடையை அழைக்கிறோம். இந்த ஆடையில் மட்டும் உடுத்துகிறவளுக்கு எந்த உரிமையும் இல்லை. அது பார்ப்பவனுக்குச் சொந்தமானது. அவளிடம் கொடுத்து வைத்திருக்கிறான், அவ்வளவுதான்.

இலக்கணம் இதுதான்: கதைக்குள் உடுத்துவதற்குக் காரணம் எதுவும் இல்லாமல், கதைக்கு வெளியே இருந்து பார்ப்பவன் பொருட்டு ஒரு பாத்திரத்துக்கு உடுத்தப்பட்ட ஆடை. கண்டுபிடிக்க மூன்று கேள்விகள் போதும். அந்த இடத்துக் குளிரும் வெயிலும் வேலையும் அந்த உடைக்குச் சம்மதிக்கின்றனவா? அருகில் இருக்கும் மற்றவர்களுக்கும் அதே விதிதானா? கதைக்குள் இருக்கும் ஒருவராவது அந்த உடையைக் கண்ணால் கண்டு, அதனால் ஏதாவது நினைக்கிறாரா, செய்கிறாரா? மூன்றுக்கும் 'இல்லை' என்று பதில் வந்தால் அது பார்ப்பவன் ஆடை.

மூன்றாவது கேள்வி முக்கியமானது. 1983இல் வந்த 'ரிட்டர்ன் ஆப் தி ஜெடை' என்ற படத்தில் லேயா இளவரசியாக நடித்த காரி பிஷருக்கு உலோகப் பிகினி உடுத்திக் கழுத்தில் சங்கிலி கட்டியிருந்தார்கள். பார்த்தவுடன் நம் முத்திரையைக் குத்திவிடத் தோன்றும். ஆனால் கதைக்குள் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அவளைச் சிறைப்பிடித்த ஜப்பா என்ற அருவருப்பான பிராணி தன் கண்ணுக்கு விருந்தாக அதை உடுத்த வைக்கிறான். கடைசியில் அதே சங்கிலியால் அவள் அவன் கழுத்தை நெரித்துக் கொல்கிறாள். ஆடைக்கு ஒரு பார்ப்பவன் கதைக்குள்ளேயே இருக்கிறான்; அவனுக்குத் தண்டனையும் கிடைக்கிறது. இது கதையைச் சேர்ந்த ஆடை என்றே நான் தீர்ப்புச் சொல்லியிருப்பேன். ஆனால் பிறகு நடந்தது வேறு. சுவரொட்டியிலும் பொம்மையிலும் அந்த உடைதான் பல ஆண்டுகள் விற்றது. நெரித்த கை விற்கவில்லை. பிஷரே 2015இல் அடுத்த தலைமுறை நடிகை ஒருவரிடம், உனக்கு அப்படி ஓர் உடையைக் கொண்டுவந்தால் எதிர்த்துப் போராடு என்று புத்தி சொன்னார். கதை நியாயமாக உடுத்திய ஆடையையும் வெளியே இருப்பவன் எடுத்துக்கொண்டு போய்விட முடியும் என்பதற்கு இது உதாரணம்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் இது அமெரிக்கப் பத்திரிகைகளைப் பற்றிய சௌகரியமான கட்டுரையாக முடிந்திருக்கும். என் மேஜை இழுப்பறையில் இருக்கும் ஒரு கடிதம் அப்படி முடிக்க விடவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதினேன். அதில் ஒரு தாய், குளத்தில் விழுந்த தன் குழந்தையைக் காப்பாற்றக் குதிக்கிறாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியேறி வருகிறாள். உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. அந்த இடத்தில் நான் நனைந்த புடைவையைப் பற்றி நான்கு வரி எழுதினேன். உடம்போடு ஒட்டிக்கொண்டது என்று ஆரம்பித்து, எனக்குத் தெரிந்த உவமைகளையெல்லாம் செலவழித்திருந்தேன். சித்திரக்காரர் அந்த நான்கு வரியைத்தான் வரைந்தார். இதழ் நன்றாக விற்றது என்று ஆசிரியர் சொன்னார். எனக்கும் சந்தோஷம்தான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வாசகியிடமிருந்து கார்டு வந்தது. கோபமான கடிதம் அல்ல. "ஐயா, தங்கள் தொடர்கதையை நானும் என் மாமியாரும் விடாமல் படித்து வருகிறோம். ஒரு சிறு சந்தேகம். அவள் குழந்தையோடு கரையேறி வந்தபோது படித்துறையில் வேறு யாரும் இல்லை என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். அவள் தன் புடைவையை நினைத்திருக்க மாட்டாள். அப்படியானால் அதை அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தது யார்?" என்று எழுதியிருந்தார்.

நான் பதில் எழுதவில்லை. என்ன பதில் எழுதுவது? பார்த்துக்கொண்டிருந்தது நான். எனக்குப் பின்னால் வாசகர்களை வரிசையாக உட்கார வைத்துக்கொண்டு பார்த்தேன். குழந்தைக்கு மூச்சு இருக்கிறதா என்று அந்தத் தாய் தவித்த நேரத்தில் நாங்கள் எல்லாரும் வேறு எதையோ கவனித்துக்கொண்டிருந்தோம். அவள் உடுத்தியிருந்தது நூல் புடைவை. கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடியிருந்தது. இருந்தாலும் அது பார்ப்பவன் ஆடைதான். அந்தப் படக்கதைக்காரர்கள் இரும்பில் செய்ததை நான் வாக்கியத்தில் செய்தேன். எழுத்தில் ஆடை துணியால் ஆவதல்ல. எந்த இடத்தில் நின்று பார்த்து எழுதுகிறோம் என்பதால் ஆவது.

ஆசையை எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒருவன் ஒருத்தியை ஆசையோடு பார்த்தால், அவன் பார்க்கிறான் என்று எழுதலாம். அவன் பார்வை எப்படிப்பட்டது என்பதும் தெரிந்துவிடும். அவள் தன் அழகை உணர்ந்து நடந்தால் அதையும் எழுதலாம். அந்தப் பார்வைக்குக் கதைக்குள் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அப்படி ஒருவர் இல்லாமல் வர்ணனை மட்டும் அந்தரத்தில் நின்றால், அங்கே எழுத்தாளன் தன் பாத்திரத்தை விட்டுவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டான் என்று அர்த்தம்.

அந்தக் கதை புத்தகமாக வந்தபோது நான்கு வரிகளையும் எடுத்துவிட்டேன். அந்த இடத்தில், குழந்தையின் வாயில் ஒட்டியிருந்த பாசியை அவள் விரலால் எடுத்தாள் என்று ஒரு வரி போட்டேன். அதுவே போதுமானதாக இருந்தது. உண்மையில், முதலிலேயே அந்த வரிதான் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான்கு வரிப் புடைவை அதை மறைத்துக்கொண்டிருந்தது.

அண்ணன் மகளிடம் பெயரைச் சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "இது அவளைத் திட்டலை, சரிதான்" என்றாள். பிறகு அந்தப் படக்கதைப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். வாசலில் நின்று, "உங்க புஸ்தகத்தையெல்லாம் இன்னொரு தடவை படிச்சுப் பார்க்கணும் சித்தப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

படிக்கட்டும். நானும் ஒரு முறை படித்துவிடுவது நல்லது என்று அலமாரியைத் திறந்திருக்கிறேன்.